மேட்டுப் பக்கம்

"எறங்காதீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர் மழைக்குள் இறங்கினார்.

கார்க் கதவைச் சாத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடி வழியே அவளுக்கு அது தெரிந்தது.

கல்யாணமாகி மூன்று வாரம்.

அவருக்கு அறுபத்தொன்று. அவளுக்கு ஐம்பத்து நான்கு. அவருடைய முதல் மனைவி கடைசியாகப் படுத்திருந்த வார்டில் அவள்தான் நர்ஸ். அந்த அம்மா இறந்து நான்கு வருடம். கூப்பிடும் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.

வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். இருவரும் தனியாக ஒரு வார்த்தை பேச இடமில்லை.

"எங்கயாச்சும் ரெண்டு நாள் போயிட்டு வரலாமுங்களா" என்று அவர்தான் கேட்டார்.

அவள் லாட்ஜ் என்று நினைத்தாள். அவர் காரின் மேல் மடித்த கூடாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

கொல்லிமலை. ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரம். மழை நான்கு மணிக்கே பிடித்துக்கொண்டது.

முப்பது வருடம் லாரி ஓட்டியவர். காற்று வரும் பக்கம் காரைக் குறுக்காக நிறுத்தியிருந்தார். இப்போது கார்க் கூரையிலிருந்து இரண்டு மரங்களுக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். சரக்குக்குப் போடும் முடிச்சு. அதன் அடியில் கூடாரம். தரை விரிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி நான்கு பக்கமும் உள்ளே மடித்துவிட்டார். பிறகு மண்வெட்டியால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார்.

அவள் இரண்டு தடவை கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

எத்தனையோ பேருக்குப் படுக்கை போட்டிருக்கிறாள். தனக்காக இன்னொருவர் போடுவதை உட்கார்ந்து பார்த்ததில்லை.

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் குடையோடு வந்து கதவைத் திறந்தார். குடை முழுவதும் அவள் பக்கம் இருந்தது.

தூங்கும்போது போட ஒரு செட் துணியும் காலுறையும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார். கிளம்பும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தப் பையைப் பிரித்தாள். துணி மொறமொறவென்று காய்ந்திருந்தது. கன்னத்தில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டாள்.

தார்ப்பாயின் அடியில் அடுப்பு வைத்து அவர் அரிசிம்பருப்புச் சாதம் செய்தார். நெய் ஊற்றி, ஆவி பறக்கக் கொடுத்தார். வயிறு நிறைந்த பிறகு குளிர் கொஞ்சம் தள்ளி நின்றது.

மிச்சமிருந்த வெந்நீரை ரப்பர் பையில் ஊற்றி, துண்டில் சுற்றி நீட்டினார்.

"காலுக்கு வெச்சுக்கங்க."

"உங்களுக்கு?"

"நமக்குப் பழக்கமுங்க."

அந்தப் பையின் கனம் அவளுக்குத் தெரியும். ஆயிரம் முறை நிரப்பியிருப்பாள். மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, யார் யார் காலடியிலோ வைத்திருக்கிறாள்.

தன் காலடியில் வைத்தது இல்லை.

சூடு பாதத்திலிருந்து முழங்கால்வரை ஏறியது. அவள் கூடாரத் துணியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணி ஏழுகூட ஆகவில்லை. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. தார்ப்பாயின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

நன்றி என்று சொல்லலாம். ஆனால் அது வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் சொல்வது. அவளுக்கு வேறு ஒரு சொல் வேண்டியிருந்தது.

இரண்டு மெத்தைகள். இரண்டு கம்பளிகள். நடுவில் ஒரு சார்ஜர் விளக்கு.

வெளிச்சத்தைக் குறைக்கக் கை நீட்டினாள். விரல் அவருடைய மெத்தையின் ஓரத்தில் பட்டது.

ஈரம்.

எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் தரை தாழ்ந்திருந்தது. வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் துணியின் அடியால் உள்ளே வந்திருந்தது. கம்பளி பாதிவரை நனைந்திருந்தது. அவர் அதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் படுத்திருந்தார்.

அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பழகிய கை, யோசிக்காமல் போயிற்று. மூன்று வாரத்தில் இதுதான் முதல் தடவை என்பது தொட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பாதம் ஜில்லென்று இருந்தது.

"எப்ப இருந்துங்க?"

"இப்பத்தானுங்க. கொஞ்சந்தான்."

அவள் விளக்கைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எடம் பாக்கறப்பவே தெரியுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேட்டுப் பக்கம் ஒருத்தருக்குத்தானுங்க எடம் இருந்துச்சு."

அவள் விளக்கைக் கீழே வைத்தாள்.

"ஈரத்தை மாத்துங்க" என்றாள் பிறகு. வார்டில் பேசும் குரல். அவர் உடனே எழுந்தார். அவள் திரும்பிக்கொண்டாள். வேட்டி மாற்றும் சத்தம் கேட்டது. காலுறையை அவர் வெகுநேரம் தேடினார்.

அவளுடைய மெத்தை ஒருவர் படுக்கும் அகலம்தான். முதுகு கூடாரத் துணியில் படும்வரை அவள் நகர்ந்தாள். வெந்நீர்ப் பையைக் காலால் நடுவுக்குத் தள்ளினாள்.

கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"நான் கார்ல படுத்துக்கறேனுங்க" என்றார்.

அவள் கம்பளியை இறக்கவில்லை.

மழை கொஞ்சம் குறைந்தது. பிறகு மறுபடி வலுத்தது. காருக்குப் போக வழி பார்ப்பதுபோல அவர் வாசல் பக்கம் பார்த்தார். முழங்காலிட்டபடியே இருந்தார்.

"கை வலிக்குதுங்க" என்றாள்.