இரண்டு பூட்டு

மாலை ரயிலில் ஆம்பூரில் இறங்கும் ஜெபராணி நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்கு வருகிறாள். போன மாதம் ஒரு சைக்கிளைத் திருட்டுக் கொடுத்தவள். புதியதை இரண்டு பூட்டுப் போட்டுக் கம்பியோடு கட்டிவிட்டுத்தான் தினமும் காட்பாடிக்கு ரயிலேறுகிறாள். இரண்டு சாவியும் அவள் பையில் இருக்கின்றன, பூட்டுகளும் பூட்டியபடியே இருக்கின்றன. ஆனால் டயர்களில் ஈரச் சேறு அப்பியிருக்கிறது. அதிலிருந்து, தோல் பதனிடும் தொட்டிகளில் தோல் ஊறும் வாடை மெல்ல எழுகிறது. மழை பெய்து ஒரு மாதமாகிறது. தகரக் கூரைக்கடியில் வெளிச்சம் மஞ்சளாய் வற்றிக்கொண்டிருக்கிறது.

"என் வண்டிய யாருண்ணா எடுத்தது?"

ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் கிருபானந்தம் அவளை ஏற இறங்கப் பார்க்கிறார். "இன்னாமா இப்படிக் கேக்குற? மத்தியானம் நீதானே எடுத்துட்டுப் போன. பேர் சொல்லிக் கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

அவள் குனிந்து இரண்டு பூட்டையும் திறந்து போடுகிறாள். பிறகு சைக்கிளைத் தொடாமல், நடந்தே வீட்டுக்குக் கிளம்புகிறாள்.