தெரியவில்லை

ஆற்றின் மட்டத்தை அளந்து அனுப்பும் கருவியை வெள்ளம் அடித்துக்கொண்டு போன பிறகும், எல்லோருடைய செல்போனிலும் மட்டம் பூஜ்யம் என்றே காட்டியது, ஆபத்தில்லை என்று சொல்லும் பச்சை நிறத்தில். அளவு வராதபோது சர்வர் பூஜ்யத்தை அனுப்பும்படி அளவுகளை ஆப்களுக்குத் தரும் இந்த அலுவலகத்தில்தான் புரோகிராம் எழுதி வைத்திருந்தார்கள். இங்கே வேலை பார்க்கும் எப்சிபா அந்த வரியை அழித்துவிட்டு ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். “நம்பர் இல்லாம போனா ஆப் எல்லாம் படுத்துடும்மா,” என்றார் மேலாளர் தணிகாசலம். “படுக்கட்டும் சார்.” “நேத்து வந்த அளவையாவது போடேன்.” “அது நேத்து ஓடுன தண்ணி சார்,” என்றபடி அவள் பட்டனை அழுத்தினாள். பச்சை அணைந்தது. உடனே போன் அடித்தது. “வேன்ல பிள்ளைங்கள வச்சுக்கிட்டுத் தரைப்பாலத்துக்கிட்ட நிக்கிறேன். மழையில ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. பச்சைய நம்பித்தான் வந்தேன். இப்ப தெரியவில்லைன்னு போட்டா என்ன அர்த்தம்? தண்ணி இருக்கா இல்லையா?” “எங்களுக்குத் தெரியலண்ணே. பாலத்துல இறங்காதீங்க.” “தெரியாம எதுக்கு ஆபீஸ் நடத்துறீங்க?” என்று டிரைவர் கத்தினார். “திட்டுங்கண்ணே. முதல்ல எஞ்சினை நிறுத்துங்க.” அவர் திட்டி ஓயும்வரை அவள் அதையே சொன்னாள். எஞ்சின் நின்றது. அதன் பிறகுதான் போனில் வெள்ளத்தின் இரைச்சல் கேட்டது, தள்ளி நின்ற தணிகாசலத்துக்கும்.