மூன்று மாத மாத்திரை

“நான் மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறதில்லக்கா.”

வேல்விழி இதுவரை சொன்ன பொய்களிலேயே இதுதான் பெரிய பொய்.

தேனி கூட்டு மருந்து மையத்தில் இப்படி ஒரு பொய்யை யாரும் சொல்வதில்லை. போடாதவர்கள்தான் போட்டதாகச் சொல்வார்கள்.

ஆலோசகர் ஜோதிலட்சுமி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் சற்று முன் அவர் சொன்ன நல்ல செய்தியால் வந்த வினை. எச்.ஐ.வி. மாத்திரை வாங்க மாதாமாதம் தேவாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாள் அல்லவா, ஒரு தேதியைக்கூட அவள் தவறவிட்டதில்லை என்று மருந்தகக் கணக்கு காட்டியதாம். வராதவர்களைக் கண்டுபிடித்துக் கூப்பிடத்தான் அந்தக் கணக்கு. தவறாமல் வருகிறவர்களுக்கு அதிலேயே ஒரு பரிசும் இருந்தது. இனிமேல் மூன்று மாத மாத்திரை மொத்தமாக. மாதாமாதம் அலைய வேண்டாம்.

அலைய வேண்டாமாம்!

பதினெட்டு வயதில் வேல்விழி ஆசைப்பட்டு அலைகிற இடமே இது ஒன்றுதான். மருந்து ஜன்னலுக்கு எதிரே கிடக்கும் பெஞ்சு. அதன் மறுமுனையில் கெங்குவார்பட்டி திலீபன் உட்கார்ந்திருப்பான். அவளைப் போலவே பிறந்ததிலிருந்து மருந்து விழுங்குகிறவன். டோக்கன் கூப்பிடுகிறவரின் மூக்கடைத்த குரலில் அப்படியே பேசிக் காட்டுவான். அவள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அவ்வளவுதான். போன் நம்பர்கூடக் கிடையாது.

கேட்டைத் தாண்டிவிட்டால் இங்கே வருகிறவர்கள் யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ‘உங்களுக்குள்ள எப்படிப் பழக்கம்?’ என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

மூன்று மாதம். அதற்குள் அவன் வேறு யாருக்காவது அந்தக் குரலில் பேசிக் காட்டிவிட்டால்?

“நெசமாத்தான்க்கா. பாதி நாளு மறந்துருவேன். மாசாமாசம் வரச்சொல்லியே எழுதிருங்க.”

“ஏத்தா, மறக்குறவளுக்கு ரத்தத்துல கிருமி இப்புடி அடங்கிக் கெடக்குமா? கம்ப்யூட்டரு பொய் சொல்லல. நீதான் சொல்ற.”



ஜோதிலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார். உதடு துடித்தது. திட்டப்போகிறார் என்று வேல்விழி கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னாதான் ஆச்சு இன்னைக்கு? காலைல ஒருத்தன் இதே நாக்காலில உக்காந்து இதே பொய்யச் சொல்றான். அவனும் ஒரு தேதி தவறாதவன். மாசாமாசம் வரச்சொல்லுங்கன்னு கெஞ்சுறான்!”

பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

மூன்று டப்பாக்களையும் பையில் திணித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். பெஞ்சு காலி. ஆனாலும் கால் தரையில் பாவவில்லை. கேட்டைத் தாண்டியதும், வழக்கம்போல் யாரையும் பார்க்காமல், பஸ் நிறுத்தத்தில் கூட்டத்தோடு போய் நின்றாள்.

பின்னால் யாருடைய பையிலோ மாத்திரை டப்பாக்கள் கலகலத்தன.

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது.

“டோக்கன் நாப்பத்தேழூ…” மூக்கடைத்த குரல். “தேவாரம் பஸ்சு இங்கனதான நிக்கும்?”

துப்பட்டாவைத் தேடக்கூட நேரமில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற வாழைத்தார்க்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“இங்கனதான்” என்றாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், கெங்குவார்பட்டி பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.