பன்னிரண்டாம் பக்கம்

காலையிலிருந்து இரண்டு நர்ஸ்கள் முயன்று தோற்றுவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன சின்ன நர்ஸ். கட்டிலில் இருந்த பெரியம்மா கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"அத்தை, ரத்தம் எடுத்தாத்தான் நாளைக்கு ஆபரேஷன். நீங்களே இப்படி அடம் பிடிக்கலாமா?" என்றாள் மருமகள்.

"உனக்கென்ன, குத்தறது என் கையில!"

சின்ன நர்ஸ் ஊசியைக் காட்டவே இல்லை. "அம்மா, உங்க மாமியார் எப்படி?" என்று கேட்டாள்.

"அந்த மகராசியா? கல்யாணமான மறுநாளே என் பீரோ சாவியைப் பிடுங்கி இடுப்புல சொருகிக்கிட்டா..." போர்வையை உதறிவிட்டு ஆரம்பித்தார் பெரியம்மா. சாவி திரும்பி வருவதற்குள் ரத்தம் எடுத்து முடிந்துவிட்டது.

"அடிப்பாவி, எடுத்துட்டியா! எங்கே கத்துக்கிட்டே இந்த வித்தையை?"

சின்ன நர்ஸ் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். "இதுலதாம்மா. 'பயப்படறவங்ககிட்ட மாமியாரைப் பத்திக் கேளு'ன்னு பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கு. முப்பது வருஷம் ஊசி போட்ட நர்ஸ் எழுதினது. அவங்களுக்கெல்லாம் ஊசின்னா பயமே இருக்காது!"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா அவளை முறைத்துவிட்டு, பேனா வாங்கி, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

சின்ன நர்ஸ் அதைப் பார்த்தாள். அட்டையில் இருந்த அதே பெயர்!

"யாரும் சீண்டலைன்னு மிச்சப் புத்தகத்தையெல்லாம் பரண்ல ஏத்திட்டேன்," என்றவர், மருமகள் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குப் போனதும் முதல்ல அதை இறக்கு. எனக்கே பலிச்சிடுச்சே!"