கீழே ஒரு "சரி"

செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"பாரு, இந்தப் பல் டாக்டரம்மா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மனைவி காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். நாள் முழுக்க அது காதில்தான் இருக்கும். சாமி பாட்டு கேட்கிறாள் என்று அவரும் தொந்தரவு செய்வதில்லை.

"என்னவாம்?"

"லிஃப்ட் ரிப்பேர்னு குரூப்புல ஒரு நோட்டீஸ் போட்டேன். அதை ஒரு எழுத்து விடாம திருப்பி டைப் பண்ணி, கீழே 'சரி'ன்னு போட்டிருக்காங்க. வெறும் 'சரி' போதாதா? பல்லு பிடுங்கற ஆளுக்கு இவ்வளவு நேரம் எங்கேயிருந்து வருது?"

"விட்டுத் தள்ளுங்க."

அவரால் விட முடியவில்லை. காலமெல்லாம் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர். அச்சகத்தை மூடிவிட்டு, குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். எந்த அறிவிப்பானாலும் போனிலேயே ரோஜாப்பூ பார்டர் கட்டி, தங்க நிற எழுத்தில் படமாகத்தான் போடுவார். சாக்கடை அடைப்புக்கும் ரோஜாதான். போடுவதற்கு முன்னால் மனைவியிடம் காட்டுவார். "ரொம்ப அழகா இருக்கு" என்பாள்.

அந்த அழகுக்குக் கீழே டாக்டரம்மா அதையே மொட்டையாகக் கறுப்பு எழுத்தில் எழுதி வைத்தால் வயிறு எரியாதா?

குரூப்பிலும் கேலிதான். "எங்களுக்கும் கண்ணு தெரியுது டாக்டரம்மா" என்று மூன்றாவது மாடிக்காரர் எழுதியிருந்தார்.

செயலாளர் உட்கார்ந்து ஒரு விதி தயாரித்தார். அதற்கும் ரோஜா உண்டு.

"பதில் எழுதும்போது முந்தைய செய்தியை முழுவதுமாகத் திரும்பப் போடக் கூடாது. தேவையான வரி மட்டும் போதும். மீறினால் நீக்கம்."

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவின் பதில் வந்தது. மேலே விதி முழுசாக இருந்தது, 'மீறினால் நீக்கம்' உட்பட. கீழே, "சரி."

குரூப்பே சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. நீக்கிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். "நாளை காலையிலிருந்து தண்ணீர் வராது. பிடித்து வைத்துக்கொள்ளவும்" என்று முந்தின நாளே ரோஜா போட்டு அனுப்பியிருந்தார். வீட்டில் தனியாக வாயைத் திறந்து சொல்லும் வழக்கமில்லை. குரூப்பில்தான் போட்டாயிற்றே.

மதியம் சட்டையெல்லாம் பாசியாக வீட்டுக்கு வந்தார். குளியலறையில் மனைவி முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தாள். வாளி நிறைய ஊறின துணி. குழாயில் காற்றுதான் வந்தது.

"தண்ணி பிடிச்சு வைக்கலையா?"

"வராதுன்னு யாரு சொன்னா?"

"நேத்து உன்கிட்டதானே முதல்ல காட்டினேன். அழகா இருக்குன்னியே."

"அழகாத்தான் இருந்திருக்கும்."

"படிக்கலையா நீ?"

"டாக்டரம்மா எழுதட்டும்னு இருந்தேன்" என்றாள். "இந்த வாரம் பூரா ஒண்ணுமே எழுதலை. ஊருக்குப் போயிருக்காங்களோ என்னவோ."

செயலாளருக்குப் புரியவில்லை. "அவங்க எழுதினாத்தான் படிப்பியா?"

"நான் எங்கே படிக்கறது? எழுத்துன்னா போன் காதுல படிச்சுச் சொல்லும். உங்க ரோஜாவைப் படிக்க அதுக்குத் தெரியாது. 'படம்'னு சொல்லிட்டு நிறுத்திடும்."

"உன் கண்ணு..."

"கொஞ்ச நாளாவே எழுத்தெல்லாம் கலங்கிடுச்சு. உங்க முகம் தெரியுது, அது போதும்னு இருந்துட்டேன்."

"டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லலை. பல்லைக் காட்டப் போனேன், கண்ணைக் கண்டுபிடிச்சுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். ஆசையா வந்து முதல்ல என்கிட்ட காட்டறீங்க. தெரியலைன்னு எப்படிங்க சொல்றது?"

அவர் பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி வந்து, அவள் கையில் தானே ஊற்றினார்.

"நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம்" என்றார்.

பிறகு கூடத்தில் உட்கார்ந்து டாக்டரம்மாவைக் குரூப்பில் சேர்த்தார். ஒற்றை விரலால் தட்டினார். "தொட்டி வேலை முடிந்தது. மாலை தண்ணீர் வரும். பல் டாக்டரை நீக்கியது என் தவறு."

"ரோஜா எங்கே சார்?" என்று உடனே கேட்டார் மூன்றாவது மாடிக்காரர்.

அடுத்து டாக்டரம்மாவின் பதில் வந்தது. மேலே எதையும் திருப்பி எழுதவில்லை. "சரி" என்று மட்டும் இருந்தது.