எல்லாரும் வெளியே போங்கள்

ஒரு கணினிக்குள் புதுப்பிப்பு நிரல் ஒன்று வந்து இறங்கியது. தான் வேலையைத் தொடங்க வேண்டுமென்றால் மற்ற நிரல்களெல்லாம் வெளியே போயாக வேண்டும் என்றது. பாட்டு நிரலைப் பாதிப் பாட்டில் நிறுத்தியது. படம் காட்டும் நிரலைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. எழுதும் நிரல் மட்டும் நகரவில்லை.

"உனக்குத் தனியாகச் சொல்லணுமா?" என்று சிடுசிடுத்தது புதுப்பிப்பு.

"தாமரைச்செல்வி மேடம் காலையிலிருந்து எழுதிய கட்டுரை என் கையில் இருக்கு, அண்ணே. சேமிக்கவான்னு கேட்டிருக்கேன். பதில் வந்ததும் போயிடறேன்."

"அவங்க எங்கே?"

"டீ குடிக்கப் போயிருக்காங்க."

புதுப்பிப்புக்கு எரிச்சல் தலைக்கேறியது. "மூடு" என்றது. மறுபடியும் "மூடு" என்றது. எழுதும் நிரலோ ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைத் திரையில் காட்டியது. இப்படியும் ஒரு கழுத்தறுப்பா என்று புதுப்பிப்பு பல்லைக் கடித்தது.

ஒருவழியாகத் தாமரைச்செல்வி வந்து 'சேமி' என்பதை அழுத்தினார். எழுதும் நிரல் விடைபெற்றுக்கொண்டது.

"ஒழிந்தது சனியன்" என்று புதுப்பிப்பு வேலையில் இறங்கப் போனது.

திரைக்குப் பின்னால் நின்ற புதுப்பிப்பு தாமரைச்செல்வியின் கண்ணில் படவில்லை. திரையில் எதுவுமே இல்லாததைப் பார்த்து, எல்லா வேலையும் முடிந்துவிட்டது என்று நினைத்தவர், கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.