செயலற்ற கை

ஓடு மாற்றக் கூரையேறி விழுந்த மொமிருக்கு, வலது கைக்குப் போகும் நரம்புகள் தோளிலேயே அறுந்து ஆறு ஆண்டுகளாகின்றன. நிஷ் நகர மருத்துவமனையில் அவருடைய மூளையின் இயக்கத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தவள் தெசங்கா. பயந்தால் அமுக்கி மணியடிக்க வேண்டிய ரப்பர் பந்தை, அவள் அவசரத்தில் அந்தக் கையிலேயே வைத்துவிட்டாள்.

நான்காம் நிமிடத்தில் மணி அடித்தது.

"என்னண்ணே, அதுக்குள்ள பயந்துட்டீங்களா?" என்று மைக்கில் கேட்டாள்.

"நான் எங்கம்மா அமுக்குனேன்? இடது கை நெஞ்சு மேல இருக்கு."

மணி மறுபடி அடித்தது. கை அசைந்தால் ஒளிர வேண்டிய மூளைப்பகுதி திரையில் இருண்டே கிடந்தது.

தெசங்கா ஓடிப்போய் அவரை வெளியே இழுத்து, பந்தை எடுக்கக் குனிந்தாள். கை பந்தை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"விடுங்கண்ணே, வலிக்குது!"

"நெஞ்சு துடிக்கிறத நான் நிறுத்த முடியுமா? இதுவும் அப்படித்தாம்மா இருக்கு," என்றார் மொமிர். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அடுத்த விரலுக்குப் போவதற்குள், முதலில் பிரித்த விரல் நிதானமாக மூடிக்கொண்டது.